அறுந்த இழை எது?

கணினி இணையத்தோடு இணையவில்லை என்னும் முறைப்பாடு, கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையுள்ள கரையோர ஊர்களில் இன்று நாள்தோறும் எழுகின்றது. முறைப்பாடு ஒன்றே; காரணங்களோ பல. காய்ச்சல் நோயன்று, நோயின் அறிகுறி என்று வைத்தியர் கூறுவர். 'இணையவில்லை' என்பதும் அத்தகையதோர் அறிகுறியே. அறிகுறியை நோயென்று மயங்கியோர் மருந்தை மாற்றிக் கொடுப்பர். அவ்வாறே, காரணத்தை ஆராயாதோர் நல்ல கணினியை விற்றுப் புதியதொன்றை வாங்குவர். அல்லது அதில் உள்ளவற்றையெல்லாம் அழித்துவிட்டுப் பின்னர் வருந்துவர்.

இதனைச் சிறு தொல்லை என்று ஒதுக்கிவிடுதல் இயலாது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாக இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வகுப்பறை வீட்டு மூலையிலிருந்த ஒரு சிறு திரைக்குள் புகுந்தது. பாடசாலைகள் மீளத் திறந்த பின்னரும் அத்திரை முற்றாக அகலவில்லை. பரீட்சைப் பெறுபேற்றை அறிதல், பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பித்தல், விரிவுரைக் குறிப்புகளைப் பெறுதல் ஆகியன இணையவழியே நடைபெறுகின்றன. இறுதி நாளன்று மாலையில் கணினி இணைய மறுக்குமாயின், பல ஆண்டு உழைப்பு அந்த மறுப்பின் வாசலில் நிற்கும். ஆதலால், அவ்வேளையில் எதனை முதலில் பார்ப்பது, எதனை இறுதிவரை தொடாதிருப்பது என்பதை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருத்தல் நன்று.

ரவுட்டர் என்பது யாது? வெளியுலகத்தின் இணைய வழியையும் வீட்டிலுள்ள கணினி, கைத்தொலைபேசி முதலியவற்றையும் தொடுத்துவைக்கும் இடைநிலைக் கருவியே ரவுட்டர். அது கல்முனைத் தபாற்கந்தோர் போன்றது. வெளியூரிலிருந்து வரும் கடிதங்களை வாங்கி, முகவரி பார்த்து, உரிய வீட்டுக்கு அனுப்புகின்றது. அக்கருவியின் சிறு வடிவமே பயண ரவுட்டர். இதில் இரு வகை உண்டு. ஒரு வகை, சிம் அட்டையையும் பற்றரியையும் தன்னுள் கொண்டு, கைத்தொலைபேசிக் கோபுரத்திலிருந்து இணையத்தைப் பெறுவது. கொழும்புக்கு இரவுப் பேருந்தில் செல்லும் மாணவர் சட்டைப் பையில் வைத்திருப்பது இவ்வகையே. மற்றொரு வகை, ஹொட்டேல் முதலிய இடங்களிலுள்ள வைஃபையை வாங்கி, தனக்கெனச் சிறு வைஃபையாக மாற்றித் தருவது. உம்றாவுக்குச் செல்லும் குடும்பத்தார், ஒரே அறையில் ஐந்தாறு கைத்தொலைபேசிகளையும் ஒரு மடிக்கணினியையும் இணைப்பதற்கு இதனைக் கொண்டுசெல்வதுண்டு.

இக்கருவிக்கும் வானொலிப் பெட்டிக்கும் உள்ள உறவை நேயர்கள் எளிதில் உணர்வர். இரண்டும் வானொலி அலைகளாலேயே இயங்குகின்றன. கொழும்பில் 1925ஆம் ஆண்டு டிசம்பரில் ஒலிபரப்புத் தொடங்கிய காலம் முதல், அலைவரிசையைச் சரியாகப் பிடித்தாலன்றிப் பேச்சுக் கேளாது என்பதை இந்நாட்டு மக்கள் அறிவர். வைஃபையின் அலைகள் அவற்றினும் மிகக் குறுகியவை. 2.4 கிகாஹேர்ட்ஸ் மீடிறனில் ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய 12.5 சென்ரிமீற்றர், 5 கிகாஹேர்ட்ஸில் 6 சென்ரிமீற்றர். வானொலிப் பெட்டி கேட்க மட்டுமே செய்யும். வைஃபையிலோ கணினியும் ரவுட்டரும் மாறி மாறிப் பேசவும் கேட்கவும் வேண்டும். ஒருபுறம் மட்டும் சரியாக இருப்பது போதாது.

கணினிகள் வானலை வழியே உரையாடும் முறை, கடல் சூழ்ந்த ஓரிடத்திலேயே முதலில் பெரிதாக ஆராயப்பட்டது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சன் என்பவரும் அவருடைய குழுவினரும், தீவுகளுக்கிடையே கணினிச் செய்திகளை அனுப்பும் அலோஹா வலையமைப்பை 1971இல் இயங்கச் செய்தனர். இருவர் ஒரே கணத்தில் பேசினால் செய்திகள் மோதிச் சிதையும். அப்போது ஒவ்வொருவரும் வெவ்வேறு சிறுபொழுது காத்திருந்து மீண்டும் பேச வேண்டும் என்பதே அவர்கள் வகுத்த விதி. அதன் பின்னர், 1997இல் கம்பியில்லாக் கணினி இணைப்புக்கான பொது நியமம் வெளியிடப்பட்டது. வைஃபை என்னும் பெயர் 1999இல் வழக்குக்கு வந்தது. இப்பெயரைத் தாங்கிய எந்தக் கணினியும் எந்த ரவுட்டரோடும் பேசவேண்டும் என்பதே நோக்கம். ஆயினும் நியமம் பலமுறை புதுக்கப்பட்டதனால், பழைய கருவியும் புதிய கருவியும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளாத வேளைகள் உண்டு.

இனி, பழுதைத் தேடும் முறைக்கு வருவோம். ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். சாய்ந்தமருதில் ஒரு வீடு. வாப்பா கத்தாரில் தொழில் புரிகின்றார். மகள் பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவி. விடுமுறைக்கு வீடு வந்திருக்கின்றாள். ஆய்வுக் கட்டுரையை அன்றிரவே அனுப்ப வேண்டும். மடிக்கணினியில் பயண ரவுட்டரின் பெயர் தெரிகின்றது. ஆனால் இணைக்க முனைந்தால் 'இணைக்க இயலவில்லை' என்னும் வாசகமே மீண்டும் மீண்டும் தோன்றுகின்றது. உறவினர் ஒருவர், "கொம்பியூட்டர ஃபோமெட் பண்ணினாச் சரியா வரும்" என்கின்றார். உம்மாவோ, "புதிசா ஒண்டு எடுப்பமா மகள்?" என்று கேட்கின்றார். ஃபோமெட் செய்தல் என்பது கணினியின் சேமிப்பை முற்றாகத் துடைத்துவிடுதல். கட்டுரையின் ஒரே பிரதி அக்கணினியில் இருக்குமாயின், அதுவும் அன்றே அழிந்துபோம்.

மருதமுனையின் தறிகளில் சாரனும் சாறியும் நெய்வோர், பாவில் ஓர் இழை அறுந்தால் துணியையே அறுத்து எறிவதில்லை. தறியை நிறுத்துவர், நூற்றுக்கணக்கான இழைகளுள் அறுந்தது எது எனத் தேடுவர், அதனை மட்டும் முடிந்துவிட்டு மீண்டும் நெய்வர். கணினிப் பழுதுக்கும் அம்முறையே தகும். கணினிக்கும் இணையத்துக்கும் இடையே நான்கு இழைகள் உள. கணினி ரவுட்டரின் குரலைக் கேட்டல் முதலாவது. ரவுட்டர் கணினியை உள்ளே ஏற்றல் இரண்டாவது. கணினி தனக்கென ஒரு முகவரியைப் பெறுதல் மூன்றாவது. ரவுட்டருக்கு அப்பால் வெளியுலக வழி திறந்திருத்தல் நான்காவது. இவ்வொழுங்கிலேயே தேட வேண்டும். முதல் இழை அறுந்திருக்க நான்காவதைத் தொட்டுப் பயனில்லை.

இந்நான்கையும் தொடங்குமுன் ஒரு பொதுச் சோதனை செய்தல் வேண்டும். கைத்தொலைபேசி ஒன்றை எடுத்து, அதன் சொந்த டேட்டாவை முற்றாக நிறுத்திவிட்டு, அதே ரவுட்டரின் வைஃபையில் இணைத்துப் பார்க்க வேண்டும். டேட்டாவை நிறுத்துதல் இன்றியமையாதது. அதனை மறந்தோர், கைத்தொலைபேசி தன் சொந்தச் சிம்மினால் இணையத்தைக் காட்ட, ரவுட்டர் நன்றாக இருப்பதாக எண்ணி ஏமாறுவர். கைத்தொலைபேசி ரவுட்டரின் வழியே இணையத்தை அடையுமாயின், பழுது பெரும்பாலும் கணினியிலோ, கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையிலோ உள்ளது. அதுவும் அடையாதாயின், ரவுட்டரையோ அதற்கப்பால் உள்ளதையோ ஐயுறுதல் வேண்டும். அடுத்து, அக்கணினியை வேறொரு வைஃபையில், அயல்வீட்டிலேனும் இணைத்துப் பார்க்கலாம். அங்கே இணையுமாயின் கணினியின் உறுப்புப் பழுதன்று. இவ்விரு சோதனைகளும் பத்து நிமிடத்துக்குள் முடிவன, செலவு ஏதுமில்லை.

முதல் இழை குரல் கேட்டல். கணினியின் வைஃபைப் பட்டியலில் ரவுட்டரின் பெயரே தோன்றாதபோது பார்க்க வேண்டியவை இவை. விமானப் பயண நிலை என்னும் அமைப்பு தவறுதலாக அழுத்தப்பட்டிருக்கலாம். விசைப்பலகையின் ஒரு விசை தட்டுப்பட்டாலே அது நிகழும். சில பழைய கணினிகளின் பக்கவாட்டில் வைஃபைக்கெனத் தனி ஆளி உண்டு. பையில் வைக்கும் ரவுட்டர்களுட் பல, எவரும் இணையாதவிடத்துச் சில நிமிடங்களில் பற்றரியைச் சேமிப்பதற்காக வைஃபையை நிறுத்தி உறங்கிவிடும். அதன் பொத்தானை அழுத்தி எழுப்ப வேண்டும்.

இவையெல்லாம் சரியாயின் மீடிறனைக் கருத வேண்டும். பழைய மடிக்கணினிகள் பல 2.4 கிகாஹேர்ட்ஸை மட்டுமே அறியும். ரவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸில் மட்டும் பேசுமாறு அமைக்கப்பட்டிருப்பின், புதிய கைத்தொலைபேசி அதனைக் காணும். பழைய கணினி காணாது. 'கைத்தொலைபேசியில் வருகின்றது, கணினியில் வரவில்லை' என்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 2.4 கிகாஹேர்ட்ஸையும் திறந்துவிட்டால் தீரும். மேலும், 2.4 கிகாஹேர்ட்ஸ் பகுதியில் பல நாடுகள் 13 அலைவரிசைகளை அனுமதிக்க, ஐக்கிய அமெரிக்காவின் வழக்கில் 11 அலைவரிசைகளே பயன்படுகின்றன. அந்நாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய கணினிக்கு 12ஆம், 13ஆம் அலைவரிசையிற் பேசும் ரவுட்டர் தெரியாமற் போகலாம். 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து அமைத்தல் பொதுவாக நன்று. இம்மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை.

சுருதி சேராத இரு நரம்புகள் ஒன்றாக ஒலிக்கமாட்டா என்பதை இக்கரையோரத்தாருக்கு விரித்துக் கூறவேண்டியதில்லை. சாய்ந்தமருதுக்கு அடுத்த ஊராகிய காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள், பழந்தமிழரின் யாழ் நரம்புகளது சுருதியைக் கணித முறையால் ஆராய்ந்து எழுதிய யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. நரம்புக்கு உரிய அந்நியதியே அலைக்கும் உரியது. கருவி எத்துணை விலையுயர்ந்ததாயினும், இருபுறமும் ஒரே மீடிறனில் நின்றாலன்றி உரையாடல் நிகழாது.

வைக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. கொங்கிறீற்றுச் சுவர், இரும்பு அலுமாரி, நீர் நிறைந்த தொட்டி ஆகியன இவ்வலைகளை மறைக்கும். நுண்ணலை அடுப்பு இயங்கும்போது 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை கலங்கும். அறையிலுள்ள பொருள்களிற் பட்டுத் தெறித்த அலைகள் ஒன்றோடொன்று குழம்புவது வைஃபையின் பழைய இடர். வானியல் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த ஜோன் ஓசலிவன் என்னும் அவுஸ்திரேலிய அறிஞரும் அவருடைய தோழர்களும் 1990களில் இதற்கு ஒரு தீர்வு கண்டனர். அதற்கான அமெரிக்கக் காப்புரிமை 1996இல் வழங்கப்பட்டது. ஆயினும் அத்தீர்வு எல்லாச் சுவரையும் வெல்லாது. சிம் உள்ள ரவுட்டரை யன்னலோரத்தில் வைத்தால் கோபுரத்தின் அலையும் நன்கு கிடைக்கும். கணினியை அதே அறைக்குக் கொண்டுவந்து சோதித்தல் வேண்டும்.

இரண்டாவது இழை உள்ளே ஏற்றல். பெயர் தெரிகின்றது, ஆயினும் இணைப்பு மறுக்கப்படுகின்றது. சாய்ந்தமருது மாணவியின் நிலை இதுவே. இங்கு முதலில் ஐயுறவேண்டியது கடவுச்சொல். கடவுச்சொல் வானலையில் அப்படியே அனுப்பப்படுவதன்று. கணினியும் ரவுட்டரும் நான்கு செய்திகளைப் பரிமாறி, இரகசியத்தை வெளியிடாமலே தாம் ஒரே இரகசியத்தை அறிந்திருப்பதை ஒன்றுக்கொன்று மெய்ப்பிக்கும். ஓர் எழுத்து மாறினும் மெய்ப்பு நிறைவேறாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடும் கணக்கில் எடுக்கப்படும். ஆங்கில ஓ எழுத்தையும் பூச்சியத்தையும், ஆங்கில எல் எழுத்தையும் ஒன்றாம் இலக்கத்தையும் மாறி எழுதுதல் எளிது. தமிழில் எழுதும் பழக்கமுள்ள கணினியில் விசைப்பலகை தமிழுக்கு மாறியிருப்பின், விரல் சரியாக அழுத்தினும் எழுத்து வேறாகிவிடும். கடவுச்சொல் புள்ளிகளாகவே தெரிவதால் தவறு கண்ணுக்குப் புலப்படாது. எழுதியதைக் காட்டும் கண் அடையாளத்தை அழுத்திப் பார்த்தல் இதற்கு மருந்து.

இன்னொரு காரணம் நினைவு பற்றியது. கணினி ஒருமுறை இணைந்த வைஃபையின் கடவுச்சொல்லை மனத்திற் பதித்துவைக்கும். பின்னர் வீட்டில் எவரேனும் ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றினால், கணினி பழையதையே மீண்டும் மீண்டும் கூறி மறுக்கப்படும். அம்மாணவி விடுதியில் இருந்த காலத்தில், அயலார் டேட்டாவைப் பயன்படுத்துகின்றனர் என்று கருதி அவளுடைய காக்கா கடவுச்சொல்லை மாற்றியிருந்தார். கைத்தொலைபேசிகளுக்குப் புதியது சொல்லப்பட்டது. கணினிக்கு எவரும் சொல்லவில்லை. கணினியின் வைஃபைப் பட்டியலில் அப்பெயரைத் தேர்ந்து, 'ஃபர்கெட்', அஃதாவது 'மறந்துவிடு' என்னும் கட்டளையைக் கொடுத்துப் புதிய கடவுச்சொல்லை எழுதினால், சில நிமிடங்களில் அவள் கட்டுரை போய்ச் சேரும். ஃபோமெட் செய்திருந்தாலும் வைஃபை வந்திருக்கும், கட்டுரைதான் இருந்திராது.

பாதுகாப்பு முறையின் வயதும் இங்கு இடையூறு செய்யும். தொடக்ககால டபிள்யூ.ஈ.பி. முறை உடைக்கத்தக்கது என 2001இல் வெளிப்பட்டது. 2004இல் டபிள்யூ.பி.ஏ.2 முறையும், 2018இல் டபிள்யூ.பி.ஏ.3 முறையும் வந்தன. ரவுட்டர் மூன்றாவதை மட்டும் ஏற்குமாறு அமைக்கப்பட்டிருப்பின், பழைய கணினி வாசலிலேயே நின்றுவிடும். இரண்டையும் ஏற்கும் கலப்பு முறையைத் தேர்ந்தால் இணையும். கடவுச்சொல்லே இல்லாமற் திறந்துவிடுவது தீர்வாகாது. அது படலையைக் கழற்றி எறிவதற்கு ஒப்பாகும்.

வேறு இரு தடைகளும் உள. பையில் வைக்கும் ரவுட்டர் ஒரே வேளையில் ஏற்கும் கருவிகளுக்கு எல்லை உண்டு. பத்துக் கருவிகள் என்பது பலவற்றின் எல்லை. பெருநாளுக்கு வந்த விருந்தினரின் கைத்தொலைபேசிகள் அவ்விடங்களை நிரப்பியிருப்பின், வீட்டுக் கணினிக்கு இடமிராது. மற்றையது, குறித்த கருவிகளை மட்டும் ஏற்கும் பட்டியல். ஒவ்வொரு கருவிக்கும் மாக் முகவரி என்றோர் அடையாள எண் உண்டு. இக்காலக் கருவிகள், தம்மை எவரும் பின்தொடராதிருக்க, அவ்வெண்ணை மாற்றிக் காட்டும் வசதியுடையன. பட்டியலில் பதிந்த எண்ணும் காட்டும் எண்ணும் வேறாயின் ரவுட்டர் மறுக்கும்.

மூன்றாவது இழை முகவரி. கணினி உள்ளே நுழைந்துவிட்டது. 'இணைந்தது, ஆனால் இணையமில்லை' என்று திரை கூறுகின்றது. தபாலுக்கு முகவரி வேண்டுவது போல, ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பி. முகவரி என்னும் எண்தொடர் வேண்டும். அதனை ரவுட்டரே வழங்கும். வின்டோஸ் கணினியின் கட்டளைச் சாளரத்தில் ஐபிகான்ஃபிக் என்னும் கட்டளையை எழுதினால் முகவரி தெரியும். அது 192.168 என்றோ, 10 என்றோ தொடங்குமாயின் பொதுவாக நலம். 169.254 என்று தொடங்குமாயின், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமையால் கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்பது பொருள். ரவுட்டரை நிறுத்தி, அரை நிமிடம் கழித்து மீண்டும் இயக்கிப் பார்க்க வேண்டும். முன்னர் அலுவலகத்தில் ஒரு நிலையான முகவரி கையால் எழுதப்பட்டிருப்பின், அதனை நீக்கி, முகவரியைத் தானாகப் பெறுமாறு அமைக்க வேண்டும்.

ஹொட்டேல் வைஃபையை வாங்கித் தரும் வகை ரவுட்டரில் முகவரிச் சிக்கல் ஒன்று தனித்து நிகழும். ஹொட்டேலின் ரவுட்டரும் பயண ரவுட்டரும் 192.168.1 என்னும் ஒரே தொடரைப் பயன்படுத்தக்கூடும். ஒரே பெயருடைய இரு வீதிகளுக்கிடையே தபாற்காரர் மயங்குவது போல, எது உள்ளே, எது வெளியே என அறியாமற் கருவி மயங்கும். பயண ரவுட்டரின் தொடரை 192.168.8 என்றோ, வேறொன்றாகவோ மாற்றினால் மயக்கம் தீரும். ஊரில் நன்கு இயங்கிய ரவுட்டர் மக்காவில் ஒரு ஹொட்டேலில் இயங்காமைக்கு இஃது ஒரு காரணமாகலாம். கருவி பழுதானதென்று அங்கே இன்னொன்று வாங்க வேண்டியதில்லை.

நான்காவது இழை வெளிவழி. கணினிக்கு முகவரி உண்டு. ஆயினும் பக்கங்கள் திறக்கவில்லை. சிம் உள்ள ரவுட்டராயின், டேட்டா முடிந்துவிட்டதா, கோபுர அலை உண்டா, சிம் உரிய முறையில் அமர்ந்துள்ளதா என்பன பார்க்கப்பட வேண்டும். வெளிநாட்டுச் சிம் இட்டபோது, அந்நிறுவனத்துக்குரிய ஏ.பி.என். என்னும் நுழைவுப் பெயர் ரவுட்டரில் எழுதப்பட வேண்டியும் இருக்கலாம். ஹொட்டேல் வைஃபையாயின், அறை எண்ணையோ கடவுச்சொல்லையோ கேட்கும் வரவேற்புப் பக்கம் ஒன்று உண்டு. அதனை நிறைவு செய்யும்வரை வெளிவழி திறவாது. வி.பி.என். என்னும் மறைவழி மென்பொருள் இயங்கினால் அப்பக்கம் தோன்றாமலே போகலாம். அதனைச் சிறிது நேரம் நிறுத்திவிட்டுப் பக்கத்தை நிறைவு செய்ய வேண்டும். ஒரு கருவியில் நிறைவு செய்தாற் போதும். ஹொட்டேலுக்குத் தெரிவது பயண ரவுட்டர் ஒன்றே.

பிங் என்னும் கட்டளை இங்குத் துணை செய்யும். அது ஓர் இடத்தைக் கூவி அழைத்து மறுமொழி வருகின்றதா எனப் பார்ப்பது. முதலில் ரவுட்டரின் முகவரியை அழைத்தல், பின்னர் 8.8.8.8 என்னும் பொது முகவரியை அழைத்தல். அதன்பின் ஏதேனும் ஓர் இணையத்தளத்தின் பெயரை அழைத்தல். ரவுட்டர் மறுமொழி கூறி, பொது முகவரி கூறாவிடின், தடை பெரும்பாலும் ரவுட்டருக்கு அப்பால் உளது. எண் மறுமொழி கூறி, பெயர் கூறாவிடின், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். என்னும் ஏற்பாடு தவறியுள்ளது. 1983இல் வகுக்கப்பட்ட இவ்வேற்பாடே இணையத்தின் பெயர்ப் பதிவேடு. பதிவேடு கிடைக்காதபோது வீதி திறந்திருந்தும் வீடு தெரியாது.

இவற்றோடு எவரும் எண்ணாத ஒரு காரணமும் உண்டு: நாட்காட்டி. கணினியின் உள்ளேயுள்ள சிறு பற்றரி தளர்ந்தால், அது பல ஆண்டு பின்தங்கிய திகதியைக் காட்டும். பாதுகாப்பான இணையத்தளங்கள் காட்டும் சான்றிதழ்களுக்குத் தொடக்கநாளும் முடிவுநாளும் உண்டு. பிழையான திகதியுடைய கணினி, செல்லுபடியான சான்றிதழையும் போலியென்று தள்ளும். திகதியைத் திருத்தினால் எல்லாம் திறக்கும்.

மின்வலுவையும் மறத்தலாகாது. சிறு ரவுட்டரைக் கணினியின் யூ.எஸ்.பி. துளையிலேயே பொருத்தி இயக்குவோர் உளர். பழைய துளைகள் 5 வோல்ற்றில் 0.5 அம்பியர் அளவே தரக் கடமைப்பட்டவை. ரவுட்டருக்கு 1 அல்லது 2 அம்பியர் தேவைப்படின், அது விளக்கை மட்டும் எரித்து, வேலை வந்தபோது அணைந்து அணைந்து எழும். கருவிக்குரிய மின்னேற்றியைப் பயன்படுத்தினால் அக்குறை நீங்கும். உப்புக்காற்று வீசும் கரையோரத்தில் இத்துளைகளும் கம்பி முனைகளும் விரைவிற் களிம்பேறுதல் இயல்பு. கம்பியை மாற்றிப் பார்த்தல் ஒரு சோதனையே.

நான்கு இழைகளையும் பார்த்த பின்னரும் கணினி மட்டும் எந்த வைஃபையிலும் இணையாதாயின், அதன் இயக்கி மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். புதிய வைஃபை 6 ரவுட்டரின் பெயரைக் காணமாட்டாத பழைய இயக்கிகள் சில உண்டு. கணினி உற்பத்தியாளரின் தளத்திலுள்ள புதிய இயக்கி அதனைத் தீர்க்கும். வைஃபை இல்லாதபோது அதனை எவ்வாறு பெறுவதெனின், கைத்தொலைபேசியை யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்து அதன் டேட்டாவைக் கணினிக்குக் கொடுக்கலாம். அன்று அனுப்பியே ஆகவேண்டிய விண்ணப்பத்தையும் அவ்வழியே முதலில் அனுப்பிவிட்டு, பின்னர் ஆறுதலாகப் பழுதைத் தேடுதல் அறிவுடைமை.

ரவுட்டரின் ஊசித்துளையை அழுத்தித் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவருதல் இறுதி வழி. அதற்குமுன் ரவுட்டரின் அடியிலுள்ள ஒட்டுத்தாளில் அச்சிட்ட பெயரையும் கடவுச்சொல்லையும், நுழைவுப் பெயர் முதலிய அமைப்புகளையும் எழுதிவைக்க வேண்டும். முதலிலேயே எல்லாவற்றையும் அழித்துவிடுவோர், சில வேளை பழுதும் நீங்கக் காண்பர். ஆனால் எதனால் வந்தது என்பதை அறியார். அடுத்த முறையும் அழிப்பதையன்றி அவர்களுக்கு வேறு வழி இராது. ஒவ்வொன்றாக மாற்றி, மாற்றியதைக் குறித்துக்கொள்வோர், ஒருமுறை பட்ட தொல்லையிலிருந்தே ஒரு பாடத்தைப் பெறுவர்.

வீட்டிலுள்ள பிள்ளைகளை இத்தேடலில் சேர்த்துக்கொள்வது பயனுடையது. 'இது பழுது' என்று கூறுவதற்கும், 'முகவரி கிடைத்துள்ளது, வெளிவழி இல்லை' என்று கூறுவதற்கும் இடையே உள்ள வேறுபாடே அறிவியற் கல்வியின் தொடக்கம். பின்னது கூறத் தெரிந்த பிள்ளை, கடைக்குச் சென்றாலும் ஏமாற்றப்படுவதில்லை. தொலைபேசி நிறுவனத்தை அழைத்தாலும் தெளிவாகப் பேசும். ரவுட்டரின் பெயர், கடவுச்சொல் மாற்றிய நாள், அமைப்புப் பக்கத்தின் முகவரி ஆகிய மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வீட்டில் ஓரிடத்தில் வைத்தல் வேண்டும். கட்டுரை, புள்ளிப்பட்டியல், விண்ணப்பம் போன்றவற்றின் இரண்டாம் பிரதி எப்போதும் கணினிக்கு வெளியே இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் உள்ள வீட்டில் கணினி என்றேனும் இணைய மறுத்தாலும், இழப்பது சிறிது நேரத்தை மட்டுமே.